பிசாசின் நகக்கீறல்

அப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். ஜாபை, அதாவது கடைந்துகொண்டிருக்கும் பொருளைப் பார்க்காமலேயே, சத்தத்தை வைத்து வேலை சரியாகப் போகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார் அப்பா. உருளையின் உட்பக்கத்தைக் குடையும்போது, டூலைத் தாங்கும் போரிங் பார் கொஞ்சம் நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் போதும், ஒரு கிறீச்சிடல் கிளம்பும். "சேட்டர் அடிக்குது, நிறுத்து கண்ணு" என்பார். நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டிய பரப்பில் வரிவரியாக அலை படிந்திருக்கும். விரலை வைத்தால் நகத்தில் தட்டும். டூல் நடுங்கியதன் தடம் அது.

அந்தத் தடத்தை நான் மறுபடி பார்த்தது ஹிரோஷிமாவில், மஸ்டா அருங்காட்சியகத்தில். ரோட்டரி எஞ்சினின் உட்சுவர் ஒன்றை வெட்டித் திறந்து வைத்திருந்தார்கள். பளபளக்கும் குரோம் பூச்சில் வரிசையாக அலைகள். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து போய்விட்டார்கள். எனக்குக் கால் எழவில்லை. காதில் அப்பாவின் பட்டறைச் சத்தம் கேட்டது. அந்த வரிகளுக்கு மஸ்டா பொறியாளர்கள் வைத்த பெயர், பிசாசின் நகக்கீறல்.

வேலைக்காக ஹிரோஷிமா மாகாணத்தில் மூன்று வருடம் இருந்தேன். அந்த மூன்று வருடமும் நான் ஓட்டியது ஒரு பழைய மஸ்டா டெமியோ. அதற்கு முன்னால் மஸ்டா என்ற பெயர் எனக்குத் தெரிந்த ஒரே இடம் பள்ளி வேனின் நெற்றி. நம் ஊரில் கல்யாண வீட்டுக்கும் பழனிக்கும் சுற்றுலாவுக்கும் ஆள் ஏற்றிப் போன அந்த ஸ்வராஜ் மஸ்டா வேன்களை நினைவிருக்கும். 1983இல் பஞ்சாபில் தொடங்கிய கூட்டு நிறுவனம் அது. அதில் மஸ்டாவுக்கும் பங்கு இருந்தது. 2011இல் பெயர் எஸ்எம்எல் இசுசு என்று மாறிவிட்டது. மஸ்டாவின் கார்கள் இந்தியாவுக்கு முறையாக விற்பனைக்கு வரவேயில்லை என்பதால் நம்மில் பலருக்கு அது வேன் கம்பெனி. ஜப்பானில் போய் இறங்கிய பிறகுதான் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஊரே இருக்கிறது என்று தெரிந்தது.

ஊர் என்றால் ஊர்தான். டொயோட்டா தான் பிறந்த ஊருக்குத் தன் பெயரையே வைக்கச் செய்தது. மஸ்டா விஷயத்தில் நடந்தது வேறு. தான் பிறந்த ஊருக்கு நேர்ந்தது அத்தனையும் அதற்கும் நேர்ந்தது.

ஹிரோஷிமா ரயில் நிலையத்திலிருந்து சான்யோ பாதையில் இரண்டாவது நிறுத்தம் முகாய்நாடா. மஸ்டா தலைமையகத்துக்கு அங்கேதான் இறங்க வேண்டும். கம்பெனியை வளர்த்தெடுத்த ஜூஜிரோ மட்சுடா பிறந்ததும் அந்தப் பகுதியில்தான், 1875 ஆகஸ்ட் 6. மீனவக் குடும்பம். அப்பாவைச் சின்ன வயதிலேயே இழந்தவர். 13 வயதில் ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப்பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். இரும்பு வேலை கற்றார், தன் பெயரில் ஒரு பம்பு கண்டுபிடித்தார், தொழில் தொடங்கினார், இழந்தார், மறுபடி தொடங்கினார். பிறகு சொந்த ஊருக்கே திரும்பி வந்தார்.

1920இல் அங்கே தொடங்கிய கம்பெனியின் பெயர் டோயோ கார்க் கோக்யோ. ஆமாம், பாட்டில் மூடிக்குப் போடும் அதே கார்க்தான். முதல் உலகப் போரில் வெளிநாட்டுக் கார்க் வரத்து நின்றுபோனதால், அபெமாகி என்ற உள்ளூர் மரத்தின் பட்டையை அரைத்துக் கார்க் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டே ஜூஜிரோ தலைவரானார். போர் முடிந்து நல்ல கார்க் மறுபடி வரத் தொடங்கியது. 1925இல் ஆலை தீப்பிடித்தது. அந்தக் கட்டத்தில் அவர் கைவிட்டது கார்க்கை, கம்பெனியை இல்லை. இரும்புக்குத் திரும்பினார். 1927இல் பெயரிலிருந்து கார்க் போனது. 1931இல் மூன்று சக்கர சரக்கு வண்டி வந்தது.

மஸ்டா கோ என்று பெயர். முன்பக்கம் பார்த்தால் மோட்டார் சைக்கிள், பின்பக்கம் சின்ன லாரி. 482 சிசி எஞ்சின். ஓட்டுபவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு திறந்த வெளியில் உட்கார வேண்டும். ரிவர்ஸ் கியர் உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் சொந்த ஆலையிலேயே செய்தார்கள். விற்றுக் கொடுத்தது மிட்சுபிஷியின் வணிக நிறுவனம். அதனால் தொடக்கத்தில் டேங்க்கில் மிட்சுபிஷியின் மூன்று வைரச் சின்னமும் மஸ்டா எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அருங்காட்சியகத்தில் அந்த வண்டிக்கு முன்னால் நின்றபோது, கோவை மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி வந்த பழைய மூன்று சக்கர டெம்போக்கள் நினைவுக்கு வந்தன. உழைப்பாளிக்கு என்று செய்த வண்டியின் முகம் எந்த நாட்டிலும் ஒன்றுபோல்தான் இருக்கும் போலிருக்கிறது.

மஸ்டா என்ற பெயர் பண்டைப் பாரசீகத்தின் அகுரா மஸ்டாவிலிருந்து வந்தது, அறிவின் கடவுள். பார்சிக்காரர்கள் இன்றும் வணங்கும் தெய்வம். ஆனால் ஜப்பானிய எழுத்தில் அந்தப் பெயரை எழுதினால் அப்படியே "மட்சுடா" என்றுதான் வாசிப்பார்கள், நிறுவனரின் குடும்பப் பெயராக. கடவுள் பெயரும் கொல்லரின் பெயரும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

1945 ஆகஸ்ட் 6 ஜூஜிரோவுக்கு எழுபதாவது பிறந்த நாள். காலையில் நகருக்குள் போய் முடிவெட்டிக்கொண்டு, குண்டு விழும் முன்பே அந்த இடத்தைத் தாண்டிவிட்டார். அவர் பிழைத்தார். அவருடைய இரண்டாவது மகன் பிழைக்கவில்லை. ஆலையின் தொழிலாளர்கள் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். குண்டு விழுந்த இடத்திலிருந்து ஆலை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தூரம். நடுவில் ஹிஜியாமா என்ற சின்னக் குன்று இருந்ததால் கட்டடங்கள் நின்றன. நான் அந்தக் குன்றில் ஏறியிருக்கிறேன். வசந்த காலத்தில் செர்ரி மரத்தடியில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வருவார்கள். மருதமலையோடு ஒப்பிட்டால் மேடு என்றுதான் சொல்வோம், அவ்வளவு சின்னது. அந்த மேட்டின் இந்தப் பக்கம் ஒரு நகரம் இல்லாமல் போனது. அந்தப் பக்கம் ஒரு ஆலை மிஞ்சியது.

மிஞ்சிய ஆலையை அன்றைக்கு ஊருக்குத் திறந்துவிட்டார்கள். மாகாண அரசின் அலுவலகம் முழுதாக அழிந்துவிட்டதால், அந்த மாதமே டோயோ கோக்யோவின் கட்டடத்துக்கு இடம் மாறியது. ஏறத்தாழ ஓராண்டு அங்கிருந்துதான் நிர்வாகம் நடந்தது. நீதிமன்றமும் வானொலியும்கூட அங்கே இடம் பிடித்தன. அந்த ஆலையில் போர்க்காலத்தில் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அருங்காட்சியகச் சுற்றில் கார்கள்தான் கண்ணை நிறைக்கும். அந்தத் துப்பாக்கிகளையும் நினைவில் வைத்துக்கொண்டு நடப்பதுதான் நேர்மை என்று எனக்குத் தோன்றியது.

1945 டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி மறுபடி வெளிவரத் தொடங்கியது. நான்கே மாதம். ஊரை மறுபடி கட்ட மரமும் சிமென்டும் சுமந்தவை அந்த வண்டிகள்.

அந்த நாட்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் கெனிச்சி யமமோதோ என்ற இளைஞரும் ஒருவர். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவர். தங்கையைக் குண்டில் இழந்தவர். அவ்வளவு படித்தவருக்கு 1946இல் கிடைத்த வேலை, மூன்று சக்கர வண்டிக்கு கியர்பாக்ஸ் பொருத்துவது. பிற்காலத்தில் கம்பெனியின் தலைவரானார். அவரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அவர் தலைவரானதை விட, அந்த கியர்பாக்ஸ் பொருத்திய நாட்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வேன்.

1960இல் ஆர்360 என்ற குட்டிக் கார் வந்தது. விலை 3 லட்சம் யென். நன்றாக விற்றது. ஆனால் அதே நேரத்தில் டோக்கியோவிலிருந்து ஆபத்து வந்தது. வெளிநாட்டுக் கார்களுக்குச் சந்தையைத் திறக்கப் போகிறோம், இத்தனை சின்னக் கம்பெனிகள் தாங்காது, எல்லோரையும் மூன்று குழுக்களாகச் சேர்த்துவிடலாம் என்று தொழில்துறை அமைச்சகம் திட்டம் போட்டது. அப்படி நடந்தால் ஹிரோஷிமாக் கம்பெனி யாரோ ஒருவரின் கிளையாகிவிடும். ஜூஜிரோவின் மகன் சுனெஜி மட்சுடா அப்போது தலைவர். தனியாக நிற்க வேண்டுமானால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று நம் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியிடம் ஃபெலிக்ஸ் வாங்கலின் ரோட்டரி எஞ்சினுக்கு 1961இல் உரிமம் வாங்கினார். 28 கோடி யென். அந்தக் காலத்து அந்தக் கம்பெனிக்கு அது வயிற்றைக் கட்டிக் கொடுத்த பணம்.

ரோட்டரி என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். அந்த ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றித்தான் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். ரோட்டரியில் பிஸ்டனே கிடையாது. நடுவில் லேசாக ஒடுங்கிய நிலக்கடலை ஓட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பக்கங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று சுற்றும். ஜப்பானியர்கள் அந்த முக்கோணத்தைச் செல்லமாக ஒமுசுபி என்பார்கள், முக்கோணமாகப் பிடித்த சோற்றுருண்டை. அதன் மூன்று முனைகளும் எப்போதும் ஓட்டின் சுவரை உரசிக்கொண்டே போகும். காற்று உள்ளே வருவது, அமுக்குவது, எரிவது, வெளியேறுவது எல்லாம் அந்த முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். உதறல் இல்லை. எடை குறைவு. கேட்கும்போதே ஆசையாக இருக்கும்.

சிக்கல் அந்த மூன்று முனைகளில் இருந்தது. காற்று கசியாமல் அடைக்க ஒவ்வொரு முனையிலும் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று உண்டு, ஏபெக்ஸ் சீல். அது சுவரில் உரசிக்கொண்டே போகும்போது நடுங்கும். நடுங்கி நடுங்கி குரோம் பூச்சைக் கொத்திவிடும். சோதனை மேடையில் ஓடும் எஞ்சின் சில நாட்களில் திணறி நின்றுவிடும். திறந்தால் உள்ளே வரிவரியாக நகக்கீறல். உரிமம் விற்ற ஜெர்மன்காரர்களிடமும் அதற்கு மருந்து இல்லை. போதாக்குறைக்கு எண்ணெய் உள்ளே கசிந்து எரிந்து வெள்ளைப் புகை கக்கியது. முதுகில் சுமந்த விறகில் தீப்பற்றிய தனுக்கி என்ற நரி போன்ற விலங்கின் நாட்டுப்புறக் கதை ஒன்று ஜப்பானில் உண்டு, கச்சிகச்சி மலை என்று. புகை விட்டுக்கொண்டு ஓடிய சோதனை வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

1963இல் ரோட்டரிக்கென்று தனித் துறை தொடங்கி, யமமோதோவைத் தலைவராகப் போட்டார்கள். ரோட்டரியில் தொடக்கத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை. அவரோடு 47 பொறியாளர்கள். எஜமானனுக்காக உயிரைக் கொடுத்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரியும். அந்தப் பெயர் இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. இனித் தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் ரோட்டரியையே நினைத்துக்கொண்டிருங்கள் என்று யமமோதோ அவர்களிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அப்பாவின் பட்டறையில் சேட்டர் அடித்தால் முதலில் வேகத்தைக் குறைப்போம். பிறகு பாரை உள்ளே இழுத்து நீட்டலைக் குறைப்போம். இரண்டும் முடியாத ஜாபாக இருந்தால் அப்பா பாரின் வாலில் ஒரு ஈயக்கட்டியைக் கட்டுவார். கிறீச்சிடல் அடங்கிவிடும். சின்ன வயதில் அது எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு உண்டு, வெளியிலிருந்து வரும் அடி அந்த அதிர்வோடு இணைந்துவிட்டால்தான் அது துள்ளும், எடையை மாற்றினால் அதிர்வும் மாறிவிடும் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன்.

யமமோதோவின் ஆட்கள் கண்டதும் அதைத்தான். சீலின் பொருளை மாற்றிப் பார்த்து, தேய்மானம் என்று நினைத்துச் சண்டை போட்டு, எத்தனையோ வழியில் தோற்ற பிறகு, இது தேய்மானம் இல்லை, நடுக்கம் என்று புரிந்துகொண்டார்கள். சீலின் நுனிக்கருகே நெடுக்கிலும் குறுக்கிலும் துளை குடைந்தார்கள். சீலின் சொந்த அதிர்வு மாறியது. கீறல் மறைந்தது. அந்தக் குடைந்த சீலை ஆயிரக்கணக்கில் செய்வது கடினம் என்பதால், கடைசியில் நிப்பான் கார்பன் நிறுவனத்தோடு சேர்ந்து அலுமினியம் ஊறிய கார்பன் சீல் ஒன்றை உருவாக்கினார்கள். காற்று வரும் வழியைப் பக்கவாட்டுக்கு மாற்றி, ஒன்றுக்கு இரண்டு ரோட்டராகப் போட்டுக் குறைந்த வேகத்திலும் உதறலில்லாமல் ஓட வைத்தார்கள்.

1967 மே 30, காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரண்டு ரோட்டர், 110 குதிரைசக்தி. வெள்ளை நிறத்தில், தரையோடு தரையாக, வால் நீண்ட கார். மொத்தம் 1,176 மட்டுமே செய்தார்கள். அதே ஆண்டு என்எஸ்யூவும் ஆர்ஓ 80 என்ற ரோட்டரிக் காரை விட்டது. அழகான கார். ஆனால் சீல்கள் தாங்கவில்லை. வாரண்டியில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே அந்தக் கம்பெனி தேய்ந்தது. எதிரெதிரே வரும் ஆர்ஓ 80 ஓட்டுநர்கள், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியிருக்கிறோம் என்று விரலைக் காட்டி வணக்கம் சொல்லிக்கொள்வார்கள் என்று கதை உண்டு. 1969இல் என்எஸ்யூ ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்குள் போய்விட்டது. எஞ்சினைப் பெற்ற வீட்டில் அது வாழவில்லை. வளர்த்த வீட்டில் வாழ்ந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 1973இல் எண்ணெய் விலை ஏறியது. ரோட்டரிக்கு வேகம் உண்டு, தாகமும் உண்டு. அமெரிக்க அரசின் சோதனையில் நகர ஓட்டத்தில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூடத் தரவில்லை என்று வந்தது. அமெரிக்காவில் விற்பனை சரிந்தது. விற்காத கார்கள் குவிந்தன. சுமிதோமோ வங்கி கை கொடுத்துக் காப்பாற்றியது. அதற்கு விலையாக 1977இல் மட்சுடா குடும்பம் தலைமையை விட்டு இறங்கியது. ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர் ஸ்பேனரை வைத்துவிட்டு, ஊர் ஊராகக் கார் விற்கப் போனார்கள். நம் காரை நாமே வாங்குவோம் என்று ஹிரோஷிமாக் கடைகளும் கம்பெனிகளும் கிளம்பின. அந்த இருட்டுக்கு நடுவில், 1975இல், மட்சுடா குடும்பத்தின் பேஸ்பால் அணியான ஹிரோஷிமா டோயோ கார்ப் முதன்முறையாக லீக் வென்றது. அணியின் பெயரில் இருக்கும் டோயோ, கம்பெனியின் டோயோதான். என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அந்த வருடத்தைப் பற்றிப் பேசினால் குரல் உடைந்துவிடும். அப்போது அவருக்குப் பத்து வயது. அவருடைய அப்பாவும் கார் விற்க அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்.

1979இல் ஃபோர்டு கால் பங்கு வாங்கியது. 1996இல் அதை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தி, ஹென்றி வாலஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரைத் தலைவராக்கியது. ஜப்பானியக் கார் கம்பெனி ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுதான் முதல் முறை. 2008 நெருக்கடியில் ஃபோர்டு பங்கை விற்றுவிட்டு விலகத் தொடங்கியது. 2017இல் டொயோட்டா சிறு பங்கு எடுத்தது. இவையெல்லாம் வணிகப் பக்கத்தில் விரிவாகக் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

மஸ்டாவுக்கு ஜப்பானில் நீண்ட நாள் இருந்த பெயர் நல்ல பெயர் இல்லை. "மட்சுடா ஜிகோகு" என்பார்கள், மஸ்டா நரகம். புதுக் காரை ஏகப்பட்ட தள்ளுபடியில் கொடுப்பார்கள். அதனாலேயே பழைய காருக்கு வெளியில் மதிப்பு இருக்காது. வேறு கம்பெனிக்காரன் அடிமாட்டு விலை கேட்பான். மஸ்டா கடையில் கொடுத்தால்தான் நாலு காசு கிடைக்கும். வேறு வழியில்லாமல் மறுபடி மஸ்டாவே வாங்குவீர்கள். ஒருமுறை உள்ளே போனால் வெளியே வர முடியாது என்பதால் நரகம். எண்பதுகளின் இறுதியில் பணம் பெருகியபோது ஐந்து தனித்தனிப் பெயர்களில் கடை திறந்து அகலக்கால் வைத்ததும் இந்த நோயை முற்றவைத்தது. இரண்டாயிரங்களில் வந்த சில மாடல்கள் பனிநாடுகளில் சீக்கிரம் துருப்பிடித்தன. டீசல் எஞ்சின்களில் கரி படிந்து திரும்ப அழைக்க வேண்டி வந்தது. ஆர்எக்ஸ்-8 என்ற ரோட்டரிக் காரை வாங்கியவர்கள் எண்ணெய் அளக்கும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தார்கள்.

அதே காலத்தில் உலகம் மறக்காத பெயரையும் அதே கம்பெனிதான் சம்பாதித்தது. 1991 ஜூன் 23, பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். 1974இலிருந்து போய்த் தோற்றுக்கொண்டிருந்த இடம். விதிகள் மாறவிருந்ததால் ரோட்டரிக்கு அதுவே கடைசி வாய்ப்பு. ஆரஞ்சும் பச்சையுமாக 55ஆம் எண் கார், 787பி, நான்கு ரோட்டர். ஜாக்குவாரையும் மெர்சிடஸையும்விட எடை குறைவு. எண்ணெய் சிக்கனத்தில் தோற்ற எஞ்சின், அன்று எரிபொருளைக் கணக்காகச் செலவழித்து ஓடியது. முன்னால் போன மெர்சிடஸ் முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது சூடேறி நின்றது. 362 சுற்று முடித்து மஸ்டா முதலில் வந்தது. கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட், உடலில் நீர் வற்றி, இறங்கியதும் சரிந்துவிட்டார். வெற்றி மேடையில் ஏற முடியவில்லை. லெ மானில் வென்ற முதல் ஜப்பானியக் கம்பெனி அது. அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு டொயோட்டா 2018 வரை காத்திருந்தது. அந்தக் காரின் சத்தத்தை யாராவது கேட்கக் கொடுத்தால் கேளுங்கள். காரின் உறுமலாக இருக்காது, வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும் ஊதல் அது.

இன்னொன்று ரோட்ஸ்டர். 1989இல், சின்னதாக, இரண்டே இருக்கையோடு, மேற்கூரை திறக்கும்படி ஒரு கார். அந்த மாதிரிக் கார்களை ஆங்கிலேயர்கள் செய்து, எண்ணெய் ஒழுகவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் மஸ்டா அதைப் புதிதாகச் செய்தது. அவர்கள் பிடித்துக்கொண்ட சொல் ஜின்பா இத்தாய், குதிரையும் வீரனும் ஓருடலாவது. 2016இல் பத்து லட்சத்தைத் தொட்டது. மலைப்பாதையில் ஒருமுறை நண்பரின் ரோட்ஸ்டரை ஓட்டினேன். வேகமான கார் இல்லை. ஆனால் வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கும்போது, கட்டைவிரல் அளவுக்கே அசையும் அந்தக் கியர்க் குச்சி, நல்ல லேத்தின் லீவர் போல "டக்" என்று உட்கார்ந்தது. அதைச் செய்தவர் கையால் ஆயிரம் முறை போட்டுப் பார்த்துத்தான் விட்டிருப்பார்.

ஃபோர்டு விலகத் தொடங்கிய பிறகு, 2011, 2012 வாக்கில், மஸ்டா முதலிலிருந்து யோசித்துச் செய்த எஞ்சின்கள் வெளிவந்தன. எல்லோரும் பேட்டரி பக்கம் ஓடும்போது, மிட்சுவோ ஹிதோமி என்ற பொறியாளர் சாதாரண பெட்ரோல் எஞ்சினிலேயே இன்னும் வேலை பாக்கியிருக்கிறது என்றார். எரிவதற்கு முன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறோம் என்ற அமுக்க விகிதத்தை 14க்கு 1 வரை கொண்டுபோனார்கள். ஸ்கைஆக்டிவ் என்ற எஞ்சின் வரிசை அப்படி வந்ததுதான். அதோடு தள்ளுபடி விற்பனையையும் விடத் தொடங்கினார்கள். 2020இல் அமெரிக்காவின் நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில் மஸ்டா முதலிடம். நரகம் என்று பெயர் வாங்கிய கம்பெனி டொயோட்டாவுக்கு மேலே போய் உட்கார்ந்தது. ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி செய்யும் டொயோட்டா எங்கே, 12, 13 லட்சம் செய்யும் இவர்கள் எங்கே.

ஆனால் 2024 ஜூனில் வந்த செய்தி எனக்கு வலித்தது. டொயோட்டா, ஹோண்டா, சுசுகி, யமஹாவோடு மஸ்டாவும் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு செய்ததாக ஒப்புக்கொண்டது. மோதல் சோதனையில் ஏர்பேக்கை வண்டியின் சென்சார் திறக்க வேண்டும். இவர்கள் நேரம் வைத்துத் திறந்திருக்கிறார்கள். எஞ்சின் சக்தியை அளக்கும்போது மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். கார் ஆபத்தானது என்று அர்த்தமில்லை, ஆனாலும் பிழை பிழைதான். நகக்கீறலை மறைக்காமல் பார்வைக்கு வைத்திருக்கும் கம்பெனி, ஒரு சோதனை எண்ணை ஏன் மறைக்க வேண்டும்? அந்த அருங்காட்சியகத்தில் ஒருநாள் இந்தச் சோதனைத் தாளும் கண்ணாடிக்குள் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

2012இல் ஆர்எக்ஸ்-8 நின்றபோது ரோட்டரி போய்விட்டது என்றார்கள். 2023இல் எம்எக்ஸ்-30 மின்சாரக் காருக்குள் 830 சிசி ஒற்றை ரோட்டர் திரும்பி வந்தது, சக்கரத்தை ஓட்ட அல்ல, மின்சாரம் தயாரிக்க. அது பிழைக்குமா என்பதைச் சந்தைதான் சொல்லும். நான் சுற்றிப் பார்த்த அன்று, ஆலைக்குள் ஒரே வரிசையில் தாழ்ந்த ரோட்ஸ்டர் ஒன்றும் அதன் பின்னாலேயே உயரமான எஸ்யூவி ஒன்றும் நகர்ந்து வந்தன. ஒரே பெண் இரண்டுக்கும் கதவுப் பட்டையை அழுத்திப் பொருத்தினார். அழுத்திய பிறகு ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் அதன் நீளம் முழுக்க ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். பட்டறையை மூடி நான்கு வருடம் ஆகியிருந்தது. கையில் நடுக்கம் வந்த பிறகு மூடிவிட்டார். நகக்கீறலை, குடைந்த சீலை, 47 பேரை எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நுனியிலயா தொள போட்டாங்க?"

"ஆமாங்கப்பா. நெடுக்கயும் குறுக்கயும்."

"அது செரி. எட கொறையுதல்ல." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார், "எத்தன வருசம் ஆச்சு அதக் கண்டுபுடிக்க?"

"உரிமம் வாங்கி, காரு வெளிய வர்றதுக்கு ஆறு வருசம் ஆச்சுங்கப்பா."

"ஆறு வருசமும் அந்த நாப்பத்தேழு பேத்துக்கும் சம்பளம் போட்டானா அந்த மொதலாளி?"

"போட்டாருங்கப்பா."

"நல்ல மனுசன் சாமி" என்றார் அப்பா. அவர் பேர் என்ன என்று கேட்டார். சுனெஜி மட்சுடா என்றேன். சொல்ல வரவில்லை அவருக்கு. இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னார்.